பவளத் தொட்டியின் மூலை வெளிச்சம்

“எது நல்ல லைட்டு அக்கா?” என்று யார் கேட்டாலும் எனக்குச் சுர்ரென்று வரும். எதை வளர்க்கப் போகிறார்கள், எவ்வளவு இடம், எத்தனை நேரம் எரிய வேண்டும் என்று எதையும் சொல்லாமல் எது நல்லது என்றால், நான் என்ன குறி சொல்கிறவளா?

போன மாதம் அந்தக் கேள்வியோடு மூன்று பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சின்னமனூர் பக்கத்தில், திசு வளர்ப்பு முறையில் வாழைக் கன்று தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள். ஓய்வு பெறும்வரை அங்கே வளர்ப்பறைக்கு நான்தான் பொறுப்பு. ரேக்குகளில் இருக்கும் டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டப் போகிறார்களாம். கம்பெனிக்காரர்கள் மாதிரி விளக்குகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். “நீங்க ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்கக்கா” என்றார்கள். வருகிறேன் என்றேன். ஆனால் அன்று அவர்களுக்கு வாழையைப் பற்றிச் சொல்லவில்லை. கோம்பை முருகேசன் வீட்டுப் பவளத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். விளக்கு வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது.

அதற்கு முன்னால் வர்க்கி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்துச் சும்மா இருந்த என்னை, மாதா கோயிலில் பழக்கமான ஒரு சிஸ்டர்தான் அந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டார். முதலில் பாட்டில் கழுவினேன். பிறகு கத்தி பிடித்துத் திசு வெட்டினேன். அப்புறம் வளர்ப்பறைக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் மேலாளர் வர்க்கி சார் மலை தாண்டி வந்த மலையாளி. குரல் உயர்த்த மாட்டார். தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று, “மோளே, இது யாரு செய்தது?” என்று மட்டும் கேட்பார். செய்தது யார் என்று அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். அதற்கு மேல் திட்டு எதற்கு?

ஒரு முறை விளக்கு விற்கும் ஒருவர் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். தன் விளக்கை ரேக்கில் மாட்டி, அதற்கு நேர்கீழே வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்து, எண் ஏறுவதைப் பெருமையாகக் காட்டினார். வர்க்கி சார் தலையாட்டினார். பிறகு மீட்டரைக் கையில் எடுத்து, தட்டின் மூலைக்கு மெதுவாக நகர்த்தினார். எண் சரசரவென்று இறங்கியது. “இவிடத்தும் ஒரு கன்னு இருக்கு சாரே. இதும் விற்கணும்” என்றார். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். சார் எங்களை வைத்துப் பழைய தட்டுகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, விளக்குகளைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார். மூலைக் கன்றும் நடுக் கன்றும் ஒரே உயரத்தில் வளர்ந்தன. அன்றிலிருந்து எந்த விளக்கைப் பார்த்தாலும் என் கை முதலில் மூலைக்குத்தான் போகும்.

அவருக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒரு தொகுதியில் எது ஆகச் சிறப்பாக வருகிறதோ அதை வெளியே கொடுக்கக் கூடாது. அதைத் தாயாக வைத்துக்கொண்டு மீண்டும் பெருக்க வேண்டும். எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் சரி, “அது கொடுக்கில்லா” என்று முடித்துவிடுவார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு முருகேசன் வந்தான். கோம்பைக்காரன். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். எங்கள் ஆய்வகத்துக்கும் சரக்கு ஏற்றிய பழக்கம். குமுளியில் பேக்கரி வைத்திருந்த பிஜு என்பவரோடு அவனுக்கு நெடுநாள் சிநேகம். பிஜு வீட்டில் பெரிய பவளத் தொட்டி இருந்தது. பவளம் என்றதும் நம் கடலில் பெயர்த்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது குற்றம். இது வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து, கடை வழியாக வந்து, வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் துண்டு கொடுத்து வாங்கும் மென்பவளம். பிஜு கொச்சிக்குக் குடிமாறியபோது, அதில் பாதியை வெட்டி முருகேசனிடம் கொடுத்தார். மீதிப் பாதியை அவர் எடுத்துப் போனார். கொச்சி வீட்டில் ஒருநாள் மின்சாரம் நீண்ட நேரம் போய், அவர் தொட்டி மொத்தமும் செத்துவிட்டது. அவர் இத்தனை வருடம் வளர்த்ததில் உலகத்தில் மிச்சம், கோம்பையில் இருந்த அந்தப் பாதிதான்.

“இப்ப அதுவும் ஒரு மாதிரி இருக்குக்கா” என்றான் முருகேசன். “திரும்பிக் குடுக்கிறேன்னு சொல்லி வாங்கினேன். நீங்கதான் லைட்டுல புலியாச்சே, வந்து பாருங்க.”

புலி என்றதும் போய்விட்டேன். எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு.

போய்ப் பார்த்தால் வீடே ஊதா நிறத்தில் இருந்தது. நாற்றங்காலுக்கு விற்கும், சிவப்பும் நீலமும் கலந்த விளக்கை வாங்கி மாட்டியிருந்தான். நம் பள்ளத்தாக்கில் விளக்குக் கேட்டால் கடைக்காரர் நாற்று விளக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார். தொட்டியில் பாசி தழைத்துக் கண்ணாடியே மறைந்திருந்தது. நடுப்பாறையில் உள்ளங்கை அகலத்துக்குக் காளான் போல ஒன்று சுருங்கி உட்கார்ந்திருந்தது. அதுதான் பிஜுவின் பவளம். நன்றாக இருக்கும்போது மேலெல்லாம் சின்ன விரல்கள் போல மொட்டுகள் நீட்டிக்கொண்டிருக்குமாம். அப்போது ஒன்றுகூட வெளியே இல்லை.

“ரொட்டிக்கடைக்காரரு காளானுக்கு நெதம் பூசைதான். எங்களுக்கு ஊதாக் கண்ணு வந்தா போதும்” என்றாள் அவன் மனைவி ஈஸ்வரி.

கடல் ஆழத்துக்குப் போகப் போகச் சிவப்பு வெளிச்சம் முதலில் அற்றுப்போகும், நீலம்தான் உள்ளே இறங்கும் என்பது எனக்கு ஆய்வகத்தில் படித்த பாடம். அந்த ஊதா விளக்கைக் கழற்றச் சொன்னேன். நீலமும் வெள்ளையும் தனித்தனிச் சுவிட்சில் எரிகிற விளக்கு வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வேண்டும், உப்புத் தண்ணீருக்கு மேலே தொங்குவதால் மின்கம்பி விளக்கிலிருந்து நேரே பிளக்குக்குப் போகாமல் ஒரு தொய்வு விட்டுப் போக வேண்டும் என்றேன். தொய்வு இருந்தால் தெறிக்கும் தண்ணீர் கம்பி வழியாக ஓடிப் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். பெயர்பெற்ற கம்பெனி விளக்குகளின் விலையைக் கேட்டு ஈஸ்வரி எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைசியில் இந்த வசதி எல்லாம் உள்ள, பெயரில்லாத ஒரு கறுப்புப் பெட்டி விளக்கை வாங்கினோம். ஒவ்வொரு பல்புக்கும் மேலே ஒரு கண்ணாடிக் குமிழ் லென்ஸ் இருந்தது. பாசி அடங்கியது. பவளமும் ஒரு வாரம் போல மொட்டு விட்டது. முருகேசன் எனக்கு ஒரு தார் வாழை கொண்டுவந்து வைத்தான். வாழ்நாளெல்லாம் வாழையோடு கிடந்தவளுக்கு வாழைத்தார்!

பிறகு பவளம் வெளுக்கத் தொடங்கியது.

பழுப்பாக இருந்தது மஞ்சளாகி, மேல்பக்கம் சாம்பல் வெள்ளையானது. முருகேசனும் விவசாயி மகன், நானும் கன்று வளர்த்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே கண். பயிர் வெளுத்தால் வெளிச்சத்துக்கு ஏங்குகிறது, பழுப்பானால் கருகுகிறது. இதில் சந்தேகம் என்ன? விளக்கை ஒரு சாண் இறக்கினோம். இன்னும் வெளுத்தது. இன்னும் இறக்கினோம். ஒரு பக்க ஓரம் கொழகொழத்து, கறுத்து, தொங்க ஆரம்பித்தது.

“பிஜுகிட்டச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“எப்படிக்கா சொல்றது? வளப்புக்கு விட்ட மாடு படுத்திருச்சுன்னு யாராச்சும் போன் போடுவாகளா? எந்திரிச்சப்பறம் சொல்லிக்கிருவோம்.”

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். மாட்டை வளர்ப்புக்கு விட்டால், மாடு கொடுத்தவருடையது. ஈனும் கன்றில் இருவருக்கும் பங்கு. வளர்க்கிறவன் மாட்டுக்கு நோவு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். தன்னால்தான் வந்தது என்ற அவமானம். மருத்துவரைப் பார்ப்பான், மருந்து அரைப்பான், தூங்கமாட்டான், உடையவரிடம் மட்டும் சொல்லமாட்டான். முருகேசன் கண்ணெல்லாம் குழிவிழுந்து போயிருந்தான். பாறையில் இருந்தது அவனுக்குப் பவளம் இல்லை, அவன் கொடுத்த வாக்கு.

நான் ஓய்வு பெற்றபோது ஆய்வகத்தில் கொடுத்த லக்ஸ் மீட்டரை மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். நீல வெளிச்சத்தை அந்த மீட்டர் சரியாக எண்ணாது. அது காட்டும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் ஒரே விளக்கின்கீழ் இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லிவிடும். நடுவில் வைத்தேன். எண் எகிறியது. வர்க்கி சார் பழக்கத்தில் கை தானாக மூலைக்குப் போனது. நடுவில் காட்டியதில் கால்வாசிகூட இல்லை. லென்ஸ் எல்லாம் வெளிச்சத்தைக் குவித்து நடுவிலேயே கொட்டிக்கொண்டிருந்தன. அதை நாங்கள் வேறு இறக்கி இறக்கிக் கட்டியிருக்கிறோம்.

எண்ணைப் பார்க்கக் குனிந்தவள், மூலைப் பாறையின் பின்பக்கம் ஏதோ அசைவதைக் கண்டேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு. நல்ல பழுப்பு. மேலே அத்தனை மொட்டும் விரிந்து, தண்ணீர் ஓட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“ஏலே, இது என்ன?”

முருகேசன் எட்டிப் பார்த்தான். “குமுளியில இருந்து கொண்டாரயில வளைவுல குலுங்கி ஒரு துண்டு உடைஞ்சுச்சுக்கா. எறிய மனசு வரல. அங்கன ஒரு இடுக்குல சொருகி வச்சேன். மறந்தே போச்சு.”

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. அதே தண்ணீர், அதே உப்பு, அதே தாய். வெளிச்சம் மட்டும்தான் வேறு. வெளிச்சம் குறைந்த இடத்தில் பழுப்பாக, கொழுகொழுவென்று இருக்கிறது. வெளிச்சம் கொட்டும் இடத்தில் வெளுத்துச் சாகிறது. பவளத்தை நாங்கள் வாழைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

“இப்பவே பிஜுவுக்குப் போன் போடு” என்றேன்.

“அக்கா…”

“போடுறியா, நான் போடட்டுமா?”

போட்டான். மணி அடித்ததும் போனை என்னிடம் நீட்டிவிட்டான். நானே பேசினேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பிறகு பிஜு சொன்னார்: “சேச்சி, பவளத்துக்கு உள்ள ஒரு பாசி குடியிருக்கு. அதுதான் அந்தப் பழுப்பு நிறம். சோறு போடுறதும் அதுதான். வெளிச்சம் அதிகமானா பவளம் அதை வெளிய தள்ளிரும். அதுதான் வெளுக்குது. பழுப்பு ஆனா பயப்படண்டா, வெளுத்தாத்தான் பயப்படணும்.” வாழைக்கு நேர் தலைகீழ். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். “முருகேசண்ணன் எல்லாம் சுகம்னுதானே எப்பவும் சொன்னது” என்றார். நான் முருகேசனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

அழுகும் ஓரத்தை என்ன செய்வது என்று கேட்டேன். வெட்ட வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

வெட்டுவது எனக்குப் புதிதா? வாழைத் திசு கறுத்தால், கறுத்ததைச் சீவித் தள்ளிவிட்டு, நல்ல சதை தெரிந்த இடத்திலிருந்து துண்டு போடுவதுதான் எத்தனையோ வருடம் நான் செய்த வேலை. ஆனால் கத்தியை முருகேசனிடம் கொடுத்தேன்.

“நான் மாட்டேங்க்கா. மிச்சம் இருக்கிறதும் போயிருச்சுன்னா?”

“வெட்டலைன்னா முழுசும் போகும். உன்னைய நம்பித்தான குடுத்தாக? நீதான் வெட்டணும்.”

தொட்டித் தண்ணீரை ஒரு தட்டில் எடுத்து, பவளத்தைப் பாறையோடு அதில் வைத்தோம். கொதிநீரில் கழுவிய பிளேடால், என் விரல் காட்டிய இடத்தில் முருகேசன் வெட்டினான். கோழை கோழையாக வந்தது. கறுத்தது, வெளுத்தது எல்லாம் போக, தண்டுப் பக்கத்தில் நல்ல சதையாக இரண்டு துண்டு தேறியது. சின்னக் கல்லின்மேல் வைத்து, ரப்பர் வளையத்தால் நெரிக்காமல் கட்டினோம். அதுவரை வாசலில் நின்ற ஈஸ்வரி உள்ளே வந்து தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இனி விளக்கு. முருகேசன் வேறு வாங்கலாமா என்றான். எதற்கு? விளக்கு கெட்டதில்லை, நாங்கள் வைத்த விதம்தான் கெட்டது. தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழைத்து, கறுப்புப் பெட்டியைத் திறந்து லென்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். வெளிச்சம் பரந்து விழுந்தது. விளக்கை முதலில் இருந்ததற்கும் மேலே ஏற்றிக் கட்டினோம். விளக்கைச் சுற்றியிருந்த மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். வெள்ளைத் திருகைக் குறைத்து, நீலத்தைக் கொஞ்சம் முன்னால் விட்டோம். மறுபடி மீட்டர் வைத்தேன். நடுவுக்கும் மூலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புதுத் துண்டுகளைத் தொட்டியின் அடியில், ஓரமாக வைத்தோம். பாட்டிலில் இருந்து வந்த கன்றை எடுத்ததும் வெயிலில் நடுவோமா? நிழல்வலையில் வைத்துப் பழக்கித்தானே வெளியே விடுவோம். அதே முறைதான். திருகை வாரத்துக்கு ஒரு துளி கூட்டினால் போதும், நிறம் வெளிறினால் உடனே பின்னால் போக வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

இரண்டில் ஒன்று சில நாட்கள் அப்படியே சுருங்கிக் கிடந்தது. மேலே மெழுகு போல ஒரு படலம் படிந்தது. முருகேசன் பதறினான். பிஜுவிடம் கேட்கச் சொன்னேன். இந்த முறை தானே கேட்டான். அது தோல் உரிக்கிறது, தண்ணீர் ஓட்டம் படட்டும், தொடாதே என்றாராம். படலம் உரிந்து மிதந்து போனதும், உள்ளேயிருந்து மொட்டுகள் வந்தன. முருகேசன் ஜீப்பை ரோட்டோரம் நிறுத்திவிட்டு எனக்குப் போனில் அதைச் சொன்னான். பின்னால் ஏலத்தோட்டத்துப் பெண்கள் “வண்டிய எடுய்யா” என்று கத்துவது எனக்குக் கேட்டது.

மழைக்காலம் முடிந்ததும் பிஜு கோம்பைக்கு வந்தார். முருகேசன் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். பிஜு செருப்பைக் கழற்றிய வேகத்தில் தொட்டிக்கு முன்னால் போய் நின்று, நடுப்பாறையைப் பார்த்தார். அது வெறும் பாறையாக இருந்தது. வெட்டியது தெரியும், துண்டு பிழைத்தது தெரியும். ஆனாலும் கண் பழைய இடத்தைத்தான் தேடியது. அவர் முகம் வாடியதைப் பார்த்து முருகேசன், “பெருசு போயிருச்சுங்க. என்னாலதான்” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. “எங்க போச்சு?” என்றேன். “நாங்க மொத மொத வெட்டின தாய் வாழை எப்பவோ மட்கிப் போச்சு. ஆனா இந்தப் பள்ளத்தாக்குல பாதித் தோட்டத்துல நிக்கிறது அதுதான். வெட்டின துண்டு வேற, தாய் வேற இல்ல பிஜு. இந்தா, கீழ ரெண்டு இருக்கு. மூலையில ஒண்ணு இருக்கு. மூணும் உங்க பெருசுதான்.”

பிஜு குனிந்தார். மூலைத் துண்டு அதற்குள் ஒரு கைப்பிடி அளவு வளர்ந்திருந்தது. நீல வெளிச்சத்தில் ஒவ்வொரு மொட்டும் பச்சையாக மின்னியது. பிறகு எழுந்து முருகேசன் தோளில் கை போட்டார்.

“வளப்புக்கு விட்டா கன்னுல பங்கு உண்டு இல்லே அண்ணா? எனக்கு ஒண்ணு மதி, ஒண்ணே போதும். மத்த ரெண்டும் இங்கன நிக்கட்டே. என் வீட்டுல மறுபடி கரண்டு போனா, நான் இங்கதான் வரணும்.” கீழே இருந்த இரண்டில் சின்னதைக் காட்டி, “இது எடுத்துக்கட்டே?” என்றார்.

முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினான். தொட்டிக்குள் கை விட்டவன், பிஜு காட்டியதைத் தொடவில்லை. மூலைக்கு நீட்டினான்.

“ஏலே, அது தாய்…” என்று என் வாய்வரை வந்துவிட்டது. சிறந்ததை வெளியே கொடுக்கக் கூடாது. என் வேலைக்காலம் முழுக்க நான் மீறாத விதி அது. வர்க்கி சார் இருந்திருந்தால் பக்கத்தில் வந்து நின்றிருப்பார்.

“இதான் இருக்கிறதுலயே நல்லா இருக்கு” என்று முருகேசன் அதைப் பாறையோடு எடுத்துப் பிஜுவின் பையில் இறக்கினான். “இத எடுத்துக்கங்க.”

நான் பைக்கு முடிச்சுப் போட ரப்பர் வளையத்தை எடுத்து நீட்டினேன்.